பார்டரில் டியூட்டி, பாரிமுனையில் வாய்தா: ராணுவத்தில் இருந்துகொண்டே கோர்ட் கேஸைச் சமாளிப்பது எப்படி?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். திருவொற்றியூரில் ஒரு வீடு. மகன் ராணுவத்தில், லடாக் பக்கம் போஸ்டிங். ஒரு மதியம் கோர்ட் அமீனா வந்து கதவைத் தட்டுகிறார். தாத்தா விட்டுப்போன இடத்தில் பங்கு கேட்டு, பெரியப்பா வீட்டில் பாகப்பிரிவினை வழக்கு போட்டிருக்கிறார்கள். அம்மா கையெழுத்துப் போட்டு சம்மனை வாங்கி, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிடுகிறார். ராத்திரி போனில் மகன் "எல்லாம் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால், "எங்களுக்கு என்னப்பா, நீ ஜாக்கிரதையா இரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

காரணம் பாசம்தான். "டியூட்டில இருக்கிற புள்ளைக்கு எதுக்கு டென்ஷன்?" ஆனால் கோர்ட்டுக்கு அந்தப் பாசம் தெரியாது. ரெண்டு மூணு வாய்தாவுக்கு யாரும் போகவில்லை என்றால், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். மகன் லீவில் வந்து இறங்கும்போது, வீட்டுப் பங்கு கைவிட்டுப் போயிருக்கும்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று வடசென்னை முழுக்க, தொழிற்சாலை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் போகிற வீடுகளிலிருந்து ராணுவத்துக்குப் போன பிள்ளைகள் உண்டு. 2022-ல் அக்னிபத் திட்டம் வந்த பிறகு, பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே யூனிஃபார்ம் போட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கென்று சட்டத்தில் தனிப் பாதுகாப்புகள் இருக்கின்றன. சில, நூறு வருடப் பழசு. சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு, தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை: எந்தக் கோர்ட், என்ன நம்பர்?

சம்மன் வந்ததும் பதற வேண்டாம். அதன் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். எந்தக் கோர்ட், வழக்கு எண் என்ன, ஆஜராக வேண்டிய தேதி எது.

வடசென்னையில் 'எந்தக் கோர்ட்' என்பதிலேயே பலர் குழம்புகிறார்கள். உரிமையியல் வழக்கு என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சென்னை நகர உரிமையியல் நீதிமன்றமாக இருக்கலாம். குடும்ப நல நீதிமன்றமும் அதே வளாகம்தான். கிரிமினல் வழக்கு ஜார்ஜ் டவுனில் இருக்கலாம். சில வழக்குகள் திருவொற்றியூரில் நடக்கும். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கத்துச் சொத்து என்றால் பொன்னேரிக்குப் போக வேண்டி வரலாம். திருவொற்றியூர் தாலுகா 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. அதன் பிறகுதான் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. அதனால் பழைய பத்திரத்தில் ஒரு மாவட்டமும், இப்போதைய ஆதாரில் வேறு மாவட்டமும் இருக்கும். ஊகம் வேண்டாம். சம்மனின் தலைப்பில் என்ன கோர்ட் எழுதியிருக்கிறதோ, அதுதான் கணக்கு.

அடுத்து, 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' ஆப். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க 'சி.என்.ஆர்.' எண் உண்டு. அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடந்த முறை என்ன நடந்தது என்பதெல்லாம் தெரியும். எண் தெரியாவிட்டால் பெயரை வைத்தும் தேடலாம். சிக்னல் கிடைக்கிற நாளில் ரெண்டு நிமிடம் போதும். வக்கீல் போனை எடுக்கவில்லை என்று தவிக்க வேண்டியதில்லை.

தேதிதான் உயிர். உரிமையியல் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை நீளும். 'அடுத்த லீவுல பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

யூனிட்டுக்குச் சொல்லணுமா?

கட்டாயம் சொல்லணும். 'கேஸ் இருக்குன்னு தெரிஞ்சா ப்ரமோஷன் போயிடுமோ' என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. பெரியப்பா சொத்தில் பங்கு கேட்டு வழக்கு போட்டது உங்கள் தவறு இல்லை. மறைத்துவிட்டு, லீவு முடிந்தும் டியூட்டிக்குத் திரும்பாமல் கோர்ட் வாசலில் நின்றால், அதுதான் தவறாகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கீழே வரப்போகிற எல்லாப் பாதுகாப்புக்கும் ஒரு காகிதம் தேவை. அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் கையெழுத்துப் போடுகிறவர் உங்கள் கமாண்டிங் ஆபீசர், அதாவது சி.ஓ. அவருக்குத் தெரியாமல் எதுவும் நகராது.

சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், கட்டளை 5, விதி 28 என்று ஒன்று இருக்கிறது. பிரதிவாதி படைவீரர் என்றால், கோர்ட் சம்மனை அவருடைய சி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். சி.ஓ. அதை வீரரிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனது முறைப்படியான சேவையா என்ற கேள்வியை உங்கள் வக்கீல் கோர்ட்டில் எழுப்ப முடியும்.

லீவு இருக்கு, ஆனா கொஞ்ச நாள்தான்: 32-வது பிரிவு

சாதாரணமாக ஒரு சிப்பாய்க்கு வருடத்துக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, அதோடு கேஷுவல் லீவு. அக்னிவீருக்கு வருடத்துக்கு 30 நாள். நம் கோர்ட்டுகளிலோ ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் நடுவிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். இந்த ரெண்டு காலண்டரும் எப்படி ஒத்துப்போகும்?

இதற்காகத்தான் ராணுவச் சட்டம், 1950-ல் 32-வது பிரிவு இருக்கிறது. அது சொல்வது இதுதான்: வழக்கை நடத்துவதற்காக உங்களுக்கு லீவு கொடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது லீவு கேட்டிருக்கிறீர்கள் என்று ராணுவ அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கி, ஒரு மனுவோடு கோர்ட்டில் கொடுங்கள். அந்த லீவுக் காலத்துக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்க, கோர்ட் இயன்றவரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, சான்றிதழில் லீவின் முதல் நாள், கடைசி நாள், எந்த வழக்கு என்ற விவரம் மூன்றும் இருக்க வேண்டும். 'அவசர சொந்த வேலை' என்று மட்டும் எழுதிய லீவுச் சீட்டு இதற்கு உதவாது.

இரண்டு, இந்தச் சான்றிதழுக்கும் மனுவுக்கும் கோர்ட் கட்டணம் கிடையாது.

மூன்று, லீவு கிடைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றில்லை. விண்ணப்பித்திருந்தாலே போதும். அதனால் ஊருக்கு ரயில் ஏறுவதற்கு முன்பே வக்கீல் மூலம் தாக்கல் செய்துவிடலாம். சென்ட்ரலில் இறங்கிய பிறகு மனு போட்டால், பாதி லீவு அதிலேயே போய்விடும்.

நான்கு, 'இயன்றவரை' என்பதை மறக்க வேண்டாம். இது கேரண்டி இல்லை. ஆனால் முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை கோர்ட் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்டால் அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அந்த நகல், மறுபடி லீவு கேட்கும்போது யூனிட்டில் காட்டுவதற்கு ரொம்பவே உதவும்.

விமானப்படைச் சட்டம், 1950-லும் இதே மாதிரிப் பிரிவு உண்டு. கடற்படையினருக்கு 1957-ம் ஆண்டின் கடற்படைச் சட்டம்.

லீவே கிடைக்கலைன்னா: அம்மாவை அனுப்பலாமா?

அனுப்பலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 28 இதற்காகவே எழுதப்பட்டது. பணியில் இருக்கும் ராணுவ, கடற்படை, விமானப்படையினர், வழக்கை நேரில் நடத்த லீவு கிடைக்காத நிலையில், தனக்குப் பதிலாக யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். அப்பா, அம்மா, மனைவி, அண்ணன், நண்பன் என்று யாராகவும் இருக்கலாம்.

நடைமுறை எளிது. எழுத்தில் ஒரு அதிகாரப் பத்திரம். அதில் நீங்கள் சி.ஓ. முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மேலொப்பம் இட வேண்டும். அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்தால், அந்த மேலொப்பமே போதிய சான்று. நியமிக்கப்பட்டவர் தானே ஆஜராகலாம், அல்லது உங்கள் சார்பில் வக்கீல் வைக்கலாம். அதன் பிறகு கோர்ட்டிலிருந்து வரும் நோட்டீஸை அவரிடமோ வக்கீலிடமோ கொடுத்தால், உங்களிடம் கொடுத்ததாகவே அர்த்தம். அதனால் பொறுப்பான ஆளாகப் பாருங்கள். சம்மனைப் பீரோவில் வைப்பவர் வேண்டாம்!

இதையும் பவர் பத்திரத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கட்டளை 28 பத்திரம் வழக்கு நடத்துவதற்கு மட்டும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று சொத்தை விற்கும் அதிகாரத்தோடு பொதுப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பவரை எதிர்த்தே கேஸ் நடத்துகிறவர்கள் உண்டு. கேட்ட வேலைக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள்.

ஒரு எல்லையும் இருக்கிறது. உங்களுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயத்துக்கு, உங்கள் சார்பில் அம்மா கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடியாது. பவர் ஏஜென்ட் தான் செய்த காரியங்களுக்குத்தான் சாட்சி சொல்லலாம் என்று ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படி உங்கள் சாட்சியமே தேவைப்பட்டால், ரெண்டு வழி இருக்கிறது. வீடியோ கான்பரன்சிங்கில் விசாரிக்கக் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றம் இதற்கென 2020-ல் விதிகள் கொண்டுவந்தது. அல்லது, அரசுப் பணிக்குப் பாதிப்பு இல்லாமல் வர முடியாதவர் என்ற அடிப்படையில், கட்டளை 26-ன்படி கமிஷனர் நியமித்து சாட்சியம் பதியக் கேட்கலாம். யூனிட்டில் நெட் வசதியும் அனுமதியும் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போர்ச்சூழல் என்றால்: 1925-ன் சட்டம்

உயர் நீதிமன்ற மதில் பக்கம் போகிறவர்கள் அங்கே ஒரு கல்வெட்டைப் பார்க்கலாம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மேல் குண்டு வீசியதன் அடையாளம் அது. துறைமுகம் பக்கம் இருந்த எண்ணெய் டேங்குகள் பற்றி எரிந்தன. சாமர்த்தியமான ஆளை 'சரியான எம்டன்' என்று இன்றைக்கும் சொல்வது அந்தக் கப்பலை வைத்துத்தான்.

அந்த முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்கள் கடல் கடந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஊரில் அவர்களுடைய நிலத்தின் மேல் வழக்குகள் நடந்தன. ஆள் இல்லாமலே தீர்ப்பாகும் ஆபத்து. அதனால் 1918-ல் ஒரு சட்டம் வந்தது. அதை ஒழுங்குபடுத்தி வந்ததுதான் இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம், 1925. இன்றைக்கும் பயன்படுகிறது.

'சிறப்புச் சூழல்' அல்லது 'போர்ச்சூழல்' பணியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். முக்கியமாக ஐந்து பாதுகாப்புகள்.

வழக்கு போடுகிறவருக்கு, எதிராளி இப்படிப்பட்ட பணியில் இருக்கும் வீரர் என்று தெரிந்திருந்தால், அதை மனுவிலேயே சொல்ல வேண்டும். தெரிந்தே மறைத்தால் உங்கள் வக்கீல் அதைச் சுட்டிக்காட்டலாம்.

வீரரால் ஆஜராக முடியவில்லை என்று மாவட்ட கலெக்டர் கோர்ட்டுக்குச் சான்று அனுப்பலாம். உங்கள் வீட்டார் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க இது ஒரு நல்ல காரணம். சென்னை கலெக்டர் அலுவலகம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

கலெக்டர் சான்று வந்தால், அல்லது கோர்ட்டுக்கே அப்படித் தோன்றினால், பொதுவாக வழக்கை நிறுத்திவைத்து, உரிய ராணுவ அதிகாரிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நியாயத்துக்காக ஒத்திவைப்பு தேவை என்று அந்த அதிகாரி சான்று கொடுத்தால், கோர்ட் ஒத்திவைத்தே ஆக வேண்டும். பதிலே வராவிட்டால் வழக்கு திரும்ப நடக்கத் தொடங்கும். அதனால் நோட்டீஸ் போன பிறகு, யூனிட்டில் ஃபைல் எங்கே நிற்கிறது என்று விடாமல் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் வீரருக்கு எதிராகத் தீர்ப்பு வந்திருந்தால், அதை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

ஐந்தாவது ரொம்ப முக்கியம். வழக்கு போடுவதற்கும் அப்பீலுக்கும் இருக்கும் காலக்கெடுவைக் கணக்கிடும்போது, அந்தச் சிறப்புப் பணிக் காலம் பொதுவாகக் கழித்துவிடப்படும். 'டைம் முடிஞ்சுபோச்சு' என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா போஸ்டிங்கும் 'சிறப்புச் சூழல்' ஆகாது. ஆவடியில் ஆபீஸ் டியூட்டி பார்த்துக்கொண்டு இதைக் கேட்க முடியாது. உங்கள் போஸ்டிங் அதில் வருமா என்பதை யூனிட் சான்றுதான் சொல்லும்.

இந்த யோசனை நமக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்காவிலும் 1918-லேயே இப்படி ஒரு சட்டம் வந்தது. இப்போது அங்கே இருக்கும் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, பணியால் வர முடியாத வீரர் உரிய கடிதங்களோடு கேட்டால், உரிமையியல் வழக்கைக் குறைந்தது 90 நாள் நிறுத்திவைக்க வேண்டும். பணியில் சேரும் முன் வாங்கிய கடனுக்கு வட்டி 6 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. நம் சட்டத்தில் இந்த வட்டிச் சலுகை இல்லை.

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதா?

தலையில் கை வைத்து உட்கார வேண்டாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய, கட்டளை 9, விதி 13-ன்படி மனு போடலாம். தீர்ப்பு வந்த நாளிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் முறையாகக் கிடைக்கவில்லை என்றால், தீர்ப்பு பற்றி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள்.

அதனால் தெரியவந்த தேதி முக்கியம். அம்மா எப்போது சொன்னார், நீங்கள் எப்போது ஆப்பில் பார்த்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். அந்தச் சமயத்தில் நீங்கள் எங்கே பணியில் இருந்தீர்கள் என்று யூனிட்டிடமிருந்து சான்று வாங்குங்கள். சிறப்புச் சூழல் பணி என்றால் 1925 சட்டமும் கை கொடுக்கும்.

சம்பளத்தை அட்டாச் பண்ண முடியுமா?

ராணுவச் சட்டத்தின் 28-வது பிரிவுப்படி, உரிமையியல் கோர்ட் தீர்ப்பை நிறைவேற்ற உங்கள் சம்பளத்தையும் படிகளையும் ஜப்தி செய்ய முடியாது. உடை, கருவி, ஆயுதத்தையும் தொட முடியாது. 29-வது பிரிவுப்படி, கடனுக்காகக் கைது செய்யவும் முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவும் சம்பள விஷயத்தில் இதையே சொல்கிறது.

'அப்போ கடனைக் கட்ட வேண்டாமா?' என்று கேட்காதீர்கள். கடன் அப்படியேதான் இருக்கும். உங்கள் பேரில் இருக்கும் மனை, வீடு, பைக் எதற்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. வீட்டுக் கடன் நிலுவையானால் வங்கி வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். செக் பவுன்ஸ் ஆனால் அது கிரிமினல் வழக்கு; அங்கே 29-வது பிரிவு காப்பாற்றாது. செக் நோட்டீஸ் வந்தால் 15 நாளில் பணத்தைக் கட்ட வேண்டும் என்பதை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

மனைவி, குழந்தை ஜீவனாம்சம்

இது தனிக் கதை. 'ராணுவச் சம்பளத்தை யாரும் தொட முடியாது' என்று நம்பிக்கொண்டு ஜீவனாம்சம் கட்டாமல் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மனைவி, குழந்தைகளின் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய ராணுவச் சட்டமே 90, 91-வது பிரிவுகளில் அனுமதிக்கிறது. அந்த உத்தரவைப் போடுவது மத்திய அரசு அல்லது அதற்கென உள்ள ராணுவ அதிகாரி.

அதனால் ராணுவ வீரரின் மனைவிக்கு ரெண்டு கதவு இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-வது பிரிவில் (பழைய 125) கோர்ட்டுக்குப் போகலாம். கணவரின் யூனிட் வழியாக ராணுவ அதிகாரிகளுக்கும் மனு கொடுக்கலாம். இந்தக் கட்டுரையை அந்தப் பக்கத்திலிருந்து படிக்கும் பெண்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

விவாகரத்து வழக்கில், மனைவி தான் வசிக்கும் இடத்துக் கோர்ட்டிலேயே வழக்கு போட இந்துத் திருமணச் சட்டம் இடம் தருகிறது. 'நான் போஸ்டிங்ல இருக்கிற ஊருக்கு மாத்துங்க' என்பது சுலபத்தில் நடக்காது. அதற்குப் பதில் 32-வது பிரிவுச் சான்றிதழோடு தேதி கேட்பதும், வீடியோ கான்பரன்சிங் கேட்பதும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கிரிமினல் வழக்கு என்றால்?

லீவில் வந்த இடத்தில் தெருச் சண்டை, பைக் விபத்து என்று வழக்கு வந்தால், உரிமையியல் சலுகைகள் இங்கே கிடையாது. டியூட்டியில் செய்த செயலுக்காகப் படைவீரரைக் கைது செய்ய மத்திய அரசின் சம்மதம் வேண்டும் என்று ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் லீவில் செய்த காரியத்துக்கு அது பொருந்தாது.

போலீஸ் பிடித்தால் முதலில் சொல்ல வேண்டியது, 'நான் பணியில் இருக்கும் படைவீரர், என் யூனிட்டுக்குத் தகவல் சொல்லுங்கள்' என்பதுதான். வீட்டாரும் தனியாக யூனிட்டுக்குச் சொல்ல வேண்டும். வழக்கைச் சாதாரணக் கோர்ட் விசாரிப்பதா, ராணுவக் கோர்ட் விசாரிப்பதா என்பதை முடிவு செய்ய 1978-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. பல குற்றங்களை ரெண்டு கோர்ட்டும் விசாரிக்கலாம். ஆனால் பொதுமக்களில் ஒருவருக்கு எதிரான கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல், பாலியல் வன்கொடுமை ஆகியவை சாதாரணக் கோர்ட்டுக்குத்தான் போகும். போர்முனைப் பணி, வெளிநாட்டுப் பணி, எல்லைச் சாவடிப் பணி மட்டுமே விதிவிலக்கு.

சின்ன வழக்குகளில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வருவதிலிருந்து விலக்கு கேட்டு, வக்கீல் மூலம் ஆஜராக மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போடலாம். மனு போடாமல் வராமல் இருந்தால், பிடிவாரண்ட் வரும். அது யூனிட் வாசலுக்கே வரும்.

இது யாருக்கெல்லாம் இல்லை?

அக்னிவீர் நாலு வருடம்தான் என்றாலும், ராணுவத்தில் சேர்ந்தவர் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்தான். 32-வது பிரிவு அவருக்கும் உண்டு. பணிக்காலம் முடிந்து வெளியே வந்துவிட்டால், இந்தச் சலுகையும் முடிந்துவிடும்.

துறைமுக வாசலில் காவல் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரரும், சி.ஆர்.பி.எஃப். வீரரும் ராணுவச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அவர்களுக்கு 32-வது பிரிவு இல்லை. அவர்கள் பவர் பத்திரம், வக்கீல், வீடியோ கான்பரன்சிங் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

'கப்பல்ல வேலை' என்று நம் பக்கம் சொல்வது பெரும்பாலும் சரக்குக் கப்பல் வேலை. ஆறு மாதம், எட்டு மாதம் கடலில் இருந்தாலும், அது கடற்படை இல்லை. அவர்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பே வக்காலத்தும் பவரும் எழுதி வைத்துவிட்டுப் போவது நல்லது.

வக்கீல் ஃபீஸுக்கு வழி?

2025 ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. படைவீரர்கள், முன்னாள் வீரர்கள், அவர்கள் குடும்பத்தினருக்கு, படைவீரர் வாரியங்களில் சட்ட உதவி மையங்கள் அமைப்பது இதன் நோக்கம். தமிழ்நாட்டில் இதற்கு அணுக வேண்டிய இடம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெயரில் 'முன்னாள்' இருந்தாலும், பணியில் இருப்பவரின் வீட்டாரும் போகலாம். சட்ட உதவி இலவச எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்பதால், அம்மா பேரிலோ மனைவி பேரிலோ வழக்கு இருந்தால் தயங்காமல் கேட்கலாம்.

யூனிட்டிலிருந்து கலெக்டருக்கோ போலீஸ் அதிகாரிக்கோ கடிதம் எழுதச் சொல்லியும் கேட்கலாம். நிலத்தில் வேலி போட்டுவிட்டார்கள், வீட்டாரை மிரட்டுகிறார்கள் என்ற மாதிரிப் பிரச்னைகளில் இது உதவும். அந்தக் கடிதம் தீர்ப்பு ஆகாது. ஆனால் ஃபைலை நகர்த்தும்.

அடுத்த லீவில் செய்து வைக்க வேண்டியவை

* வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.
* யூனிட்டின் முழு முகவரி, உங்கள் சர்வீஸ் நம்பர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.
* வழக்கு ஏற்கெனவே இருந்தால், கட்டளை 28 பத்திரத்தின் மாதிரியை வக்கீலிடம் வாங்கிக்கொண்டு யூனிட்டுக்குத் திரும்புங்கள். சி.ஓ. மேலொப்பத்தோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடலாம்.
* வக்கீலிடம் அடுத்த ஆறு மாதத்தில் எந்தக் கட்டம் வரும், எதற்கு நீங்கள் நேரில் வேண்டும் என்று கேளுங்கள். லீவை அதற்கேற்ப விண்ணப்பியுங்கள்.
* விம்கோ நகரிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு இப்போது நேராக மெட்ரோ இருக்கிறது. அம்மாவை ஒருமுறை கூடவே அழைத்துப்போய், வக்கீல் எங்கே உட்காருவார், கோர்ட் ஹால் எந்த மாடி என்று காட்டிவிட்டு வாருங்கள். அடுத்த முறை அவர் தனியாகப் போகப் பயப்பட மாட்டார்.

கடைசியாக, வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 'புள்ளைக்கு டென்ஷன் வேணாம்'னு நீங்க மறைக்கிற சம்மன், அவனுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுப் பத்து மடங்கு டென்ஷனா போய்ச் சேரும். பனியிலயும் வெயிலயும் நிக்கிறவனுக்கு ஒரு வாய்தா தேதியைத் தாங்குற மனசு இருக்கும். சொல்லிடுங்க. சட்டம் அவன் பக்கம் நிக்கத் தயாரா இருக்கு. அதுக்கு முதல்ல, அந்தக் காகிதம் பீரோவை விட்டு வெளியில வரணும்.